கூடுதல் விலை கொடுத்துப் பழைய டொயோட்டா கொரோல்லா வாங்கலாமா, மலிவாகக் கிடைக்கும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போதுமா?

ஒரே வயது, ஏறக்குறைய ஒரே தூரம் ஓடிய இரண்டு ஆட்டோமேட்டிக் வண்டிகள், இரண்டும் 2010-ஐ ஒட்டியவை. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை அதிகமான கொரோல்லாவைத்தான் எடுத்தேன். ஓட்டுவதற்கு கோல்ஃப்தான் நல்ல கார், அதில் சந்தேகமே இல்லை. வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது, 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் மிதித்ததும் இழுக்கிறது. 1.8 லிட்டர் கொரோல்லா மேடேறும்போது சத்தம்தான் அதிகம் போடும், கியரும் நான்கே நான்கு. அப்புறம் ஏன் அதற்கு அவ்வளவு விலை?

பழைய கார் வாங்க வருகிறவர், அடுத்து என்ன செலவு வருமோ என்ற பயத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். கோல்ஃபில் அந்தப் பயம் 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது எண்ணெயில் ஓடாத இரட்டைக் கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஹைட்ராலிக் பாகங்களும் கம்ப்யூட்டரும் ஒன்றாகச் சேர்ந்த மெக்கட்ரானிக் யூனிட் அதில் இருக்கிறது, போனால் பெரும்பாலும் முழுசாக மாற்றச் சொல்வார்கள், அந்த வயது வண்டிக்கு அது பெரிய செலவு. டிஎஸ்ஜி கோளாறுக்காக 2013-இல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் கச்சிதமாக இருக்கலாம், ஆனால் வாங்குகிறவர் அதை எப்படி நம்புவார்? நல்ல கோல்ஃபும் கெட்ட கோல்ஃபின் விலைக்கே போகிறது.

கொரோல்லாவில் பழுதே வராது என்பதெல்லாம் சும்மா. வாட்டர் பம்ப் கசியும். பானட்டைத் திறந்து டார்ச் அடித்தால் பம்பைச் சுற்றி கூலன்ட் காய்ந்து ரோஸ் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும், பெல்ட் பக்கமும் தெறித்திருக்கும். சரி, பம்பை மாற்றினால் முடிந்தது. கண்ணால் பார்த்து, இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடக்கூடிய பழுது, எந்த மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார். டர்போ கிடையாது. பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால், சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களைப் போல வால்வின் பின்புறம் கரி அப்புவதும் குறைவு. 1966 முதல் 5 கோடிக்கு மேல் விற்ற பெயர் என்பதால், வெளிக் கம்பெனி பாகமோ உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதோ, ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

மேனுவல் கியர் கோல்ஃப் என்றால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும், எண்ணெயில் ஓடும் கிளட்ச் வைத்த 6 கியர் டிஎஸ்ஜியும் வேறு கதை. இன்னொன்று, பெயரை நம்பிப் பராமரிக்காமல் விட்ட கொரோல்லாவுக்கும் அதே விலைதான் கேட்கிறார்கள், சர்வீஸ் பில் இல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

கொடுக்கும் கூடுதல் பணம் விற்கும்போதுதான் கைக்குத் திரும்பும். நான் சில வருடங்களில் விற்கப் போகிறவன், எனக்குக் கணக்கு சரி. ஓடாமல் நிற்கும்வரை வைத்துக்கொள்ளப் போகிறவர் அந்தப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? அதே காலத்து, டர்போ இல்லாத மாஸ்டா 3 மாதிரி ஒன்றைப் பார்க்கலாம், ஓட்டவும் இதைவிட நன்றாகவே இருக்கும்.