புறநகர் நர்சரி: பழக்கன்றுக்குத் தாராளமாகப் போகலாம், பூச்செடிக்குக் கொஞ்சம் யோசியுங்கள்

தாம்பரம் தாண்டி இருக்கும் நர்சரிகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்துக் கடைகளில் பாதிக்கு இது அப்படியே பொருந்தும். செடி வைக்க ஆடி வரட்டும் என்பார்கள், நடுவதற்கு அது சரிதான். ஆனால் கடை எப்படி, செடி எப்படி என்று எடைபோட கத்திரி முடிகிற இந்த மே கடைசியை விட்டால் வேறு நேரம் கிடையாது. மழை பெய்துவிட்டால் எல்லாமே பச்சைப் பசேல் என்று நிற்கும், எது தேறும் என்று யார் கண்டது?

பழக்கன்றுகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. கொய்யாவில் லக்னோ 49, தைவான் பிங்க், சப்போட்டாவில் பிகேஎம் 1, மாவில் பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், ருமானி. கடையில் என்னைக் கவனித்த அண்ணன் மாங்கன்றைத் தூக்கியதும் முதலில் காட்டியது ஒட்டுக் கட்டிய இடத்தை, அதாவது நாட்டுக்கன்றின் தண்டோடு நல்ல ரகத்தின் கிளையை இணைத்த இடத்தைத்தான். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு புடைத்திருந்தது, பிளாஸ்டிக் நாடா இன்னும் அவிழ்க்கப்படவில்லை, அதற்குக் கீழே செந்துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. அதை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, "இத விட்டீங்கன்னா மேல இருக்கிற இமாம்பசந்த் நின்னுடும் சார், கீழ இருக்கிற நாட்டுக்கன்னுதான் வளரும்" என்றார். ஒட்டு நன்றாகக் கூடியதும் நாடாவைப் பிளேடால் கீறி எடுக்கவும் சொன்னார், விட்டால் தண்டை இறுக்கிவிடும். இதையெல்லாம் சொல்லாமல் கவரில் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குகிற கடைகள்தான் அதிகம். அதைவிட, மொட்டை மாடித் தொட்டிக்கு என்றதும் விலை கூடிய மாவைத் தலையில் கட்டாமல் 150 ரூபாய்க்குக் கொய்யாவைக் கொடுத்தார் பாருங்கள், அதற்கே தனி மார்க். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும், நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் தொட்டியிலேயே காய்க்கும்.

பூச்செடிப் பக்கம் வந்தால் கதை வேறு. பெரும்பாலும் ஆந்திராவில் நர்சரிகள் நிறைந்த கடியம் என்ற ஊரிலிருந்து லாரியில் வரும் சரக்கு, வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை. நம் வெயிலில் அது காய்ந்து இறுகிவிட்டால் நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், உள்ளே வேர் நனையவே நனையாது; மேல்மண் ஈரமாக இருக்கிறதே, பிறகு ஏன் வாடுகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். வாங்கி வந்ததும் பையோடு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி நின்ற பிறகு எடுங்கள். செம்பருத்தி வரிசையை நான் தொடவே இல்லை. கணுவுக்குக் கணு பஞ்சு ஒட்டியது மாதிரி மாவுப்பூச்சி, தண்டில் எறும்பு ஊர்வலம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும் என்கிறார்கள். போகும்தான், அதை அவர்களே அடித்துவிட்டு விற்கலாமே! 80 ரூபாய்ச் செடியோடு வரும் பூச்சி வீட்டில் இருக்கிற நல்ல செடிக்கும் பரவும்.

காகிதப்பூ மட்டும் விதிவிலக்கு. நிழல்வலைக்கு வெளியே, சுட்டெரிக்கிற வெயிலில் வைத்திருக்கிறார்கள், இலை தெரியாமல் பூத்துக் கிடக்கிறது. தைரியமாக எடுக்கலாம், தொட்டி மாற்றும்போது வேர்மண்ணை மட்டும் உடைக்காதீர்கள். வலைக்குள் இருந்த மற்ற செடிகளை நேராக மாடி வெயிலில் வைக்க வேண்டாம், பத்து நாளாவது அரை நிழலில் இருந்து பழகட்டும்.

மண்கலவை மூட்டை தண்டம், பிரித்தால் முக்கால்வாசி தேங்காய் நார்த்தூள். ஜிபே உண்டு, பேரம் படியும். டெலிவரியை நம்பாதீர்கள்: நடுமதியத்தில் திறந்த வண்டியில் அனல்காற்று அடிக்க அடிக்கக் கொண்டு வந்தார்கள், எலுமிச்சையின் இளந்துளிர் எல்லாம் கருகித்தான் வந்து சேர்ந்தது. காலையிலோ சாயங்காலமோ போய் நீங்களே எடுத்து வந்துவிடுங்கள், அதுவும் வார நாளில். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்த அண்ணனைப் பிடிக்க முடியாது, கல்லாவில் இருப்பவருக்கு ஒட்டும் தெரியாது, பதியமும் தெரியாது.