மோதிரத்துக்கு எவ்வளவு? யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் போட்டுப் பார்த்த கணக்கு

தம்பிக்கு ஆவணியில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. அன்றைக்கே மோதிரமும் மாற்றுவது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்துவிட்டார்கள். "மோதிரத்துக்கு அஞ்சு இலட்சம் வைச்சிருக்கிறன் அக்கா" என்று அவன் சொன்னதும், குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அஞ்சு இலட்சத்துக்கு மோதிரமோ? அப்ப தாலிக்கொடிக்கு?"

ஐந்து இலட்சம் எந்தக் கணக்கு என்று விசாரித்தேன். கனடாவில் இருக்கும் அவனுடைய கூட்டாளி சொன்னானாம், மூன்று மாதச் சம்பளத்துக்கு மோதிரம் வாங்குவதுதான் முறை என்று. தம்பிக்குச் சம்பளம் ஒன்றரை இலட்சம். மூன்றால் பெருக்கி, மிச்சத்தை மரியாதைக்காகக் கூட்டி, ஐந்து.

இந்தச் சம்பளக் கணக்கு வந்த வழி சுவாரசியமானது. டி பியர்ஸ் என்ற வைரக் கம்பனிக்காக அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்று 1947இல் "வைரம் என்றென்றைக்கும்" என்ற வாசகத்தை எழுதிக் கொடுத்தது. 1980களில் அதே கம்பனியின் விளம்பரங்கள் அமெரிக்காவில் "இரண்டு மாதச் சம்பளம்" என்று பேசின. ஜப்பானில் மூன்று மாதம் என்றன. கடைக்காரன் தன் பொருளுக்குத் தானே வைத்த அளவுகோல் ரொறன்ரோ வழியாக எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறது.

எங்கள் ஊரில் கணக்கு வேறு பக்கத்தில் இருந்து தொடங்கும். பெண் வீட்டார் கேட்பது "எத்தனை பவுணில் கொடி?" என்றுதான். ஒன்பதா, பதினொன்றா, அதற்கு மேலா என்பது ஊர் முழுக்கப் பேசப்படும். தாலிக்குப் பொன்னுருக்கு என்று நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் விளக்கேற்றி, ஆசாரியார் வந்து உருக்குவார். மோதிரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அது எழுத்தோடு பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். ஆகவே அதற்கு ஊர் வைத்த அளவு கிடையாது, அளவை நாங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலைகளுக்குப் போவதற்கு முன் ஒரு ஏற்பாடு. பவுண் விலை நாளுக்கு நாள் மாறுவதால், கணக்கு வசதிக்காக 22 கரட் பவுண் ஒன்றை மூன்று இலட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பவுண் என்பது 8 கிராம், அப்படியென்றால் கிராம் 37,500. நீங்கள் வாசிக்கும் நாளின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

சரி, முதலில் வைரம். தம்பியின் ஆசை அதுதான். அதை நான் எதிர்த்ததற்குக் காரணம் என் சொந்த விரல்.

2016இல் எனக்குப் போட்டது 18 கரட் மோதிரம், பூப்போல ஏழு பொடி வைரம். 2022 நடுப்பகுதியில், டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டிப்போய் எல்லா விலையும் ஏறியபோது பவுணும் ஏறியது. பக்கத்து வீட்டு மாமி பழைய சங்கிலி ஒன்றை விற்று, வாங்கியதைவிடப் பலமடங்கு எடுத்துக்கொண்டு வந்தார். நானும் மோதிரத்தைக் கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெடியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லைக் கழட்டட்டோ அக்கா?" என்றான். தலையை ஆட்டினேன். சிறு குறடால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். மிஞ்சியதைத் தராசில் போட்டான், 2.4 கிராம். அதுவும் 18 கரட் விலைக்கு. ஏழு கல்லையும் நகைக்கடை ரோஸ் தாளில் மடித்து என் கையில் தந்துவிட்டு, "இதுக்கு நாங்கள் காசு போடுறேல்லை" என்றான். அந்தப் பொட்டலம் இன்னும் என் பவுடர் டப்பாவுக்குள் கிடக்கிறது.

பெடியன் ஏமாற்றவில்லை. பொடிக் கல்லை வாங்கி அவன் யாருக்கு விற்பது? அடகுக்குக் கொண்டுபோனாலும் இதே கதைதான், கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்குத்தான் காசு. அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. மோதிரத்தின் விலையில் திரும்பி வரக்கூடிய காசு ஒரு பங்கு, வராத காசு இன்னொரு பங்கு. 'எவ்வளவு செலவழிக்கலாம்' என்ற கேள்வியை அந்த இரண்டாவது பங்குக்குத்தான் கேட்க வேண்டும்.

தம்பியோடு பார்த்த வைர மோதிரத்துக்குச் சொன்ன விலை நாலரை இலட்சம். 18 கரட், மூன்றரை கிராம், நடுவில் கால் கரட் கல். இதில் 'கரட்' என்ற சொல் இரண்டு வேலை செய்வதைக் கவனியுங்கள். தங்கத்துக்கு அது தரம்: 24இல் 22 பங்கு, 18 பங்கு என்று. கல்லுக்கு அது எடை: ஒரு கரட் என்பது 0.2 கிராம். 18 கரட் தங்கத்தில் 75 வீதம்தான் தங்கம். மூன்றரை கிராமை நம்முடைய விலைக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு இலட்சத்து ஏழாயிரம். மிச்சம் மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் கல்லும் கூலியும் கடையின் இலாபமும். 22 கரட்டில் செய்து தரமாட்டீர்களா என்று கேட்டால், அது மென்மையான பொன், கொக்கி நெகிழ்ந்து கல் விழுந்துவிடும் என்கிறார்கள். அது உண்மைதான்.

வைரம்தான் வேண்டும் என்று பெண் விரும்பினால் வாங்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொடிக் கற்களைக் கூட்டமாகப் பதித்ததைவிட, தரச் சான்றிதழோடு வரும் ஒரே கல் மேல். பிறகு என்றைக்காவது அதைக் கழற்றி வேறொன்றில் பதிக்கவாவது முடியும்.

ஆய்வுகூட வைரம் அடுத்தது. யாழ்ப்பாணக் கடைகளில் இதைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் "அது டூப்ளிக்கேட்" என்கிறார்கள். அது சரியில்லை. நிலத்துக்குள் கிடைப்பதும் காபன், ஆய்வுகூடத்தில் வளர்ப்பதும் அதே காபன், அதே படிக அமைப்பு. பார்த்துப் பிரித்தறிய முடியாது, தகுந்த கருவி வேண்டும். அமெரிக்காவில் 1954இலேயே செய்துவிட்டார்கள். 2023இல் இந்தியப் பிரதமர் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்குக் கொடுத்த ஏழரைக் கரட் வைரம் இந்த வகைதான். விலையும் குறைவு. கொழும்பில் இருந்து எங்களுக்கு வந்த விலையில், முன்னே சொன்னதைவிடப் பெரிய கல்லோடு அதே பொன் எடையில் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம்.

சிக்கல் அந்த மலிவிலேயே இருக்கிறது. உற்பத்தி கூடக் கூட விலை இறங்குகிறது. நிலத்து வைரத்தையே விற்று வந்த டி பியர்ஸ் 2018இல் ஆய்வுகூடக் கல்லையும் விற்க இறங்கியது, கரட் 800 டொலர் என்று. அதன் பிறகு சந்தை விலை அதற்கும் கீழே போய்விட்டது. ஆகவே கல்லுக்குக் கொடுத்த காசைத் திரும்ப எதிர்பார்க்கவே கூடாது. ஆனால் வராத பங்கை நிலத்து வைரத்தோடு வைத்துப் பாருங்கள்: இதில் போவது ஒன்றே கால் இலட்சத்துக்கு மேல், அதில் மூன்றரை இலட்சம் வரை. வெள்ளைக் கல் மினுங்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்லைனில் 'மொய்சனைற்' என்று வருவது வேறு பொருள், சிலிக்கன் காபைட். அழகாக மினுங்கும், பழைய வகை வைரச் சோதனைக் கருவியையும் ஏமாற்றும். அதன் பெயரைச் சொல்லி விற்றால் வாங்கலாம், வைரம் என்று சொல்லி விற்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

எனக்கு ஆசையாக இருந்தது நீலக்கல். உலகமே தேடும் கல் எங்கள் தீவின் இரத்தினபுரி மண்ணுக்குள் கிடக்கிறது. 1981இல் டயானாவின் கைக்குப் போன அந்த நீல மோதிரம் இலங்கைக் கல்தான், 12 கரட், சுற்றிவர 14 வைரம். 2010இல் மகன் அதே மோதிரத்தைக் கேற்றுக்குப் போட்டார். கடினத்தில் வைரம் பத்து என்றால் இது ஒன்பது, அன்றாடம் போடத் தாங்கும். நாங்கள் பார்த்த ஒரு கரட் கல் மோதிரம் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல்.

அம்மாவிடம் சொன்னேன். "நீலமோ!" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. நீலம் சனிக்குரிய கல், சாதகம் பார்க்காமல் போடக் கூடாது, ஒருவருக்கு அள்ளிக் கொடுக்கும், இன்னொருவரை விழுத்திவிடும். எழுத்தன்றைக்குச் சனியைக் கொண்டுவந்து மருமகளின் விரலில் ஏற்றுவதா? எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆனாலும் முதல் வருடத்தில் அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூடப் பழி மோதிரத்தின் மேல்தான் விழும் என்பதில் முழு நம்பிக்கை உண்டு. இடைவழி ஒன்று இருக்கிறது. புஷ்பராகம் குருவின் கல், அதுவும் இங்கேயே கிடைக்கிறது, நீலத்தின் சகோதரம்தான். சாத்திரக்காரர் வீட்டில் அதற்கு எதிர்ப்புக் குறைவு.

கல் வாங்குவதில் உள்ள உண்மையான பயம் வேறு. சந்தைக்கு வரும் நீலத்தில் பெரும்பங்கு சூடு காட்டி நிறம் ஏற்றியது. பால்போல மங்கிய 'கெவுட' கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக அள்ளிக்கொண்டுபோய்ச் சூட்டில் நீலமாக்கி விற்றது பழைய கதை. சூடு காட்டியது பிழையில்லை, ஆனால் விலை வேறு. தொழிற்சாலையில் செய்த நீலக்கல்லும் நூறு வருடத்துக்கு மேலாகப் புழங்குகிறது. ஆகவே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலோ நல்ல ஆய்வுகூடத்திலோ சோதித்த தாள் இல்லாமல் கல் வாங்குவது, பூட்டிய பெட்டியை வாங்குவது போல. விற்கும்போதும் கல்லைத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். கஸ்தூரியார் வீதிக் கடைகள் தங்கத்தின் கடைகள்.

வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் இரண்டையும் எட்டிப் பார்த்ததோடு சரி. வெள்ளைத் தங்கத்துக்கு மேலே பூசிய ரோடியம் தேய்ந்தால் மஞ்சள் காட்டும், திரும்பப் பூச வேண்டும். பிளாட்டினம் விற்க ஊரில் ஆள் தேட வேண்டும். தவிர, பந்தலுக்கு வரும் மாமிமார் எல்லாரும் "வெள்ளி மோதிரமே போட்டவை?" என்று கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியில் அம்மாவின் கட்சி: கல் இல்லாத 22 கரட், முக்கால் பவுண். ஆறு கிராம் இரண்டேகால் இலட்சம், கூலியும் சேதாரமும் இருபத்தைந்தாயிரம், மொத்தம் இரண்டரை. உள்ளே 916 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பற்றுச்சீட்டில் எடையையும் கரட்டையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். திரும்ப விற்றால் கூலி போகும், கடை கொஞ்சம் கழிக்கும். வராத காசு நாற்பதாயிரத்துக்குள் நிற்கும்.

இதைத் தம்பி "பழைய ஆக்களின்ர ரேஸ்ற்" என்றான். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில், போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கிக்கொண்டு போன அந்த இரவில், கொடியையும் இரண்டு காப்பையும் சேலைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தாராம். நடக்க நடக்க இடுப்பு புண்ணாகிவிட்டது. சாவகச்சேரியில் முதலில் போனது ஒரு காப்பு. அதில்தான் ஒரு மாதம் சாப்பிட்டோம். தம்பி அப்போது பிறக்கவில்லை. இங்கே வெங்காயம் நடவும், பிள்ளையை வெளிநாடு அனுப்பவும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலில் திறப்பது நகைப்பெட்டியைத்தான். பவுணை நகை என்று மட்டும் பார்க்க அம்மாவின் வயதுக்காரரால் முடியாது.

அப்படியென்றால் பவுண்தான் என்று முடித்துவிடலாமா? முழுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அடகுக் கடையின் கண்ணால் பார்த்தால் கலியாணத்துக்கே கணக்கு ஒத்துவராது. என் ஏழு கல் மோதிரம் ஆறு வருடம் எனக்குச் சந்தோஷம் தந்தது, அதற்கும் ஒரு விலை உண்டு. நான் தம்பியிடம் கேட்டது ஒன்றுதான்: திரும்பி வராது என்று தெரிந்தே எவ்வளவு விட உனக்கு மனம் இருக்கிறது, கொடிக்குக் கடன் படாமல்? யோசித்துவிட்டு "ஒரு அம்பது, அறுபது ஆயிரம்" என்றான். நிலத்து வைரம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. ஆய்வுகூட வைரம் சிறு கல்லாக இருந்தால் மட்டும் உள்ளே நின்றது.

அப்புறம்தான் நினைவு வந்தது, விரலுக்குச் சொந்தக்காரியை ஒருவரும் கேட்கவில்லை. அவள் தாதி. தம்பி தொலைபேசியில் கேட்டான், நான் பக்கத்தில் நின்றேன். "கல்லு வைச்சது வேண்டாமப்பா, கையுறை கிழியும். வோட்டில கழட்டி வைச்சா ஒருக்கால் துலைக்கிறது நிச்சயம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உள்ளுக்க திகதி வெட்டித் தருவினமோ?" என்றும் கேட்டாள்.

வெட்டித் தருவார்களாம், அதற்குக் காசும் எடுக்க மாட்டார்களாம். வழுவழுப்பான வளையம், 22 கரட், முக்கால் பவுண். மிச்ச இரண்டரை இலட்சம் கொடிக்குப் போகிறது. அளவுக்கு நூல் சுற்றி அனுப்பினாள். காலையில் ஒன்று, இரவு வேலை முடித்து ஒன்று, இரண்டும் ஒரே அளவில்லை. ஆசாரியார் பெரியதைத்தான் எடுத்தார், இந்த வெயிலில் விரல் வீங்கும் என்று.

தம்பி திங்கட்கிழமை முற்பணம் கட்டி அன்றைய விலையைப் பிடித்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை பவுண் இரண்டாயிரம் இறங்கியது. அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா.