மதிய நேரத்துக்கு நாற்பது புதிர்கள்: சைமன் டாதம் தொகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்க்க லட்சணமான செயலி இல்லை இது. சாம்பல் நிறத் தரை, கறுப்புக் கோடுகள், கட்டங்கள், எண்கள். திறந்தால் நாற்பது விளையாட்டுகளின் பட்டியல் வரும். ஒன்றைத் தொட்டால் புதிர் வரும். பாட்டு இல்லை, கதை இல்லை, கைதட்டும் பொம்மை இல்லை. புதிரை முடித்தால் பலகை ஒரு தடவை மினுங்கி அடங்கும். அவ்வளவுதான் பரிசு. ஆனாலும் என் போனில் மற்ற விளையாட்டெல்லாம் வந்து போய்விட்டன, இது மட்டும் நிற்கிறது.

முழுப் பெயர் 'சைமன் டாதம்ஸ் போர்ட்டபிள் பசில் கலெக்‌ஷன்'. கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். எங்கோ இருக்கும் சர்வருக்குள் நுழைய அவர்கள் பயன்படுத்துகிற 'புட்டி' மென்பொருளை எழுதிய இங்கிலாந்துக்காரர். 2004இல் இந்தத் தொகுப்பைத் தொடங்கினார். வேலைக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எடுக்கும்போது ஒரு சின்ன ஜன்னலில் திறந்து ஆடிவிட்டு மூடுகிற விளையாட்டுகள் இன்னும் நிறைய இருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும், பிரௌசரிலேயே ஆடலாம். ஆண்ட்ராய்டுக்குக் கிறிஸ் பாயில் கொண்டுவந்தார், ஐபோனுக்கு கிரெக் ஹியூகில். எல்லாம் இலவசம், விளம்பரம் கிடையாது. மூல நிரலையும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலை ஓ.பி. முடிந்து டாக்டர்கள் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் கிளினிக் திறக்கும் வரை சீட்டு வராது. மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை கடை திறந்திருக்கும், ஆனால் வேலை இருக்காது. எக்ஸ்பைரி நெருங்கின ஸ்ட்ரிப்புகளை ரேக்கிலிருந்து பொறுக்கி எடுப்பேன், ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போன் போடுவேன், அதற்குமேல் என்ன செய்ய? படம் பார்க்க முடியாது. பாதியில் "அக்கா, காய்ச்சலுக்கு ஒண்ணு குடுங்க" என்று குரல் வரும். கையில் இருப்பதை அந்த நொடியே கீழே வைக்க வேண்டும். வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால், அது கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் முக்கால்வாசி விளையாட்டுகள் தோற்றுப்போகின்றன. முன்பு ஒன்று வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். மனதை அமைதிப்படுத்தும் புதிர் என்றே விளம்பரம் செய்திருந்தார்கள். பச்சை இலை, நீரோடைச் சத்தம், எல்லாம் உண்டு. ஆனால் சில புதிர் முடித்தவுடன் அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு விளம்பரம் கத்தும். ஒரு நாள் திறக்காவிட்டால், தொடர் அறுந்துவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்கு அறிவிப்பு வரும். ஐந்து 'உயிர்' தீர்ந்தால் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு. மன அமைதிக்காக இறக்கிய செயலிக்குப் பயந்து போனைச் சைலன்ட்டில் போட்டதுதான் மிச்சம்.

டாதம் தொகுப்பில் தொடரும் இல்லை, உயிரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. குண்டு தேடும் 'மைன்ஸ்' விளையாட்டில் மட்டும் ஓரமாகக் கடிகாரம் ஓடும். மற்றபடி அவசரப்படுத்த ஒன்றும் கிடையாது. மூடிவிட்டுப் போய் மறுநாள் திறந்தாலும் புதிர் விட்ட இடத்தில் நிற்கும். ஒரு வாரம் தொடாவிட்டாலும் என்னைத் தேடாது.

அமைதியான விளையாட்டு என்றால் மெல்லிய இசையும் இளநிறங்களும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் தங்கை மகள் அந்தக் கட்சி. "பெரியம்மா, இதைப் பாருங்க" என்று 'மானுமென்ட் வேலி'யை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். லண்டன் நிறுவனம் ஒன்று 2014இல் வெளியிட்டது. மேலே ஏறுவது போல் தெரிந்து கீழே இறங்கும் படிக்கட்டுகள், திருப்பினால் ஒட்டிக்கொள்ளும் கோபுரங்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் பத்து அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது, மூளைக்கும் பெரிய வேலையில்லை. பார்த்து ரசித்தேன், திரும்பப் போகவில்லை. எனக்கு அமைதி தருவது படமோ இசையோ அல்ல, கணக்கு நேர்மையாக இருப்பதுதான் என்று அப்போது புரிந்தது.

லூப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சுடோகுவைப் பிரபலமாக்கிய நிக்கோலி பத்திரிகைக்காரர்கள் 'ஸ்லிதர்லிங்க்' என்று அழைக்கும் புதிர்தான் இங்கே இந்தப் பெயரில் இருக்கிறது. புள்ளிகள் வரிசையாக இருக்கும். நான்கு புள்ளிக்கு நடுவே உள்ள கட்டத்தில் சில இடங்களில் 0 முதல் 3 வரை ஓர் எண். அந்தக் கட்டத்தின் நான்கு பக்கங்களில் எத்தனை பக்கம் கோடு போகிறது என்பதுதான் அந்த எண். கடைசியில் எல்லாக் கோடும் சேர்ந்து ஒரே மூடிய வளையமாக வர வேண்டும். கிளை கூடாது, தன்னைத்தானே வெட்டவும் கூடாது. சிக்குக் கோலம் போடுகிற கைக்கு இது உடனே பிடிபடும். அங்கே கோடு புள்ளியைச் சுற்றும், இங்கே புள்ளி வழியாகவே போகும்.

இனி இதன் சுகத்தைச் சொல்கிறேன். மூலைக் கட்டத்தில் 1 இருந்தால் அந்த மூலையின் இரண்டு வெளிப்பக்கமும் காலி. ஏனென்றால் மூலைப் புள்ளிக்கு இரண்டே வழிதான். ஒன்றில் கோடு வந்தால் மற்றதில் வெளியேற வேண்டும், அப்படியானால் எண்ணிக்கை இரண்டாகிவிடும். அதே மூலையில் 3 இருந்தால் இரண்டு வெளிப்பக்கமும் கட்டாயம் உண்டு. 0க்குப் பக்கத்தில் 3 இருந்தால் அவை பகிர்கிற பக்கம் காலி, ஆகவே 3இன் மீதி மூன்று பக்கமும் கோடு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. செயலியும் சொல்லாது. மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷத்தை எந்த நட்சத்திரமும் தராது.

என் தொழிலில் ஊகத்துக்கு இடமில்லை. சீட்டில் எழுத்து புரியவில்லையென்றால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும், 'இதுவாகத்தான் இருக்கும்' என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதனாலோ என்னவோ, கடைசியில் பூவா தலையா போட வைக்கும் புதிர் எனக்கு ஆகாது. பழைய விண்டோஸ் மைன்ஸ்வீப்பரில் இந்தக் கொடுமை உண்டு. எல்லாம் சரியாகச் செய்து முடிக்கும் நேரத்தில் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சும், இரண்டில் ஒன்றில் குண்டு, எதில் என்று சொல்ல ஒரு தடயமும் இருக்காது. டாதமின் மைன்ஸ் அப்படி விடாது. உங்கள் முதல் தொடுதலை வைத்துப் புதிரை உருவாக்கும்போதே நிரல் தனக்குள் அதை விடுவித்துப் பார்க்கிறது. ஊகிக்காமல் முன்னேற முடியாத இடம் வந்தால் குண்டுகளை நகர்த்தி மாற்றி அமைக்கிறது. அப்புறம்தான் நமக்குக் கொடுக்கிறது. குண்டை மிதித்துவிட்டால்கூட 'அன்டூ' போட்டு எழுந்துவிடலாம். கீழே 'டெத்ஸ்: 1' என்று மட்டும் குறித்துக்கொள்ளும். கண்டிப்பும் உண்டு, கருணையும் உண்டு.

மற்றப் புதிர்களிலும் பெரும்பாலும் இதே முறைதான். முதலில் விடையை உருவாக்கி, குறிப்புகள் முழுவதையும் கொடுத்து, பிறகு ஒவ்வொரு குறிப்பாக எடுத்துப் பார்க்கிறது. எடுத்த பிறகும் தர்க்கத்தால் விடை வந்தால் அந்தக் குறிப்பு போகட்டும், இல்லையென்றால் இருக்கட்டும். ஆகவே புதிர் தீர்ந்துபோகும் என்ற பேச்சே இல்லை, புதிது கேட்டால் புதிது வரும். சுடோகுவுக்கு இங்கே 'சோலோ' என்று பெயர். அதன் கடினப் படிகளில் கடைசிக்கு 'அன்ரீசனபிள்', அதாவது நியாயமில்லாதது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே மட்டும் ஊகித்துத் திரும்பி வர வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பக்கம் போவதில்லை.

தனியாக உட்கார்ந்து ஆடுவது ஏதோ இந்தக் காலத்து வியாதி என்று கடைக்கு வரும் ஒரு பெரியவர் சொல்வார். எங்கள் அப்பாயி மதியத்தில் பல்லாங்குழியில் சீதைப் பாண்டி ஆடுவார். இரண்டு பக்கக் குழியையும் ஒருவரே ஆடுவது. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்பார்கள். எதிராளி இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை, முத்து எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். பெரியவருக்கு இதைச் சொன்னேன். "அது வேற" என்றார். என்ன வேறு என்று சொல்லவில்லை.

ஒரு விசேஷம். ஒரே வடிவத் தரையோடுகளை வைத்துத் தரை முழுவதையும் இடைவெளியில்லாமல் நிரப்ப வேண்டும், ஆனால் அமைப்பு எங்கேயும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரவே கூடாது. அப்படி ஒரு வடிவம் உண்டா என்று கணித வல்லுநர்கள் வெகுகாலம் தேடினார்கள். 2023இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், கணிதத் தொழில் செய்யாதவர், ஓய்வு நேரத்தில் வடிவங்களை வெட்டி ஒட்டிப் பார்ப்பவர், 13 பக்கம் கொண்ட ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார். வேறு மூன்று பேருடன் சேர்ந்து அதற்கு நிரூபணமும் வந்தது. தொப்பி மாதிரி இருப்பதால் 'ஹேட்' என்று பெயர். அதே ஆண்டு டாதம் அந்தத் தொப்பிகளை லூப்பிக்குள் கொண்டுவந்துவிட்டார். வகைகளின் பட்டியலில் தேடினால் கிடைக்கும். சதுரக் கட்டத்தில் நான் கற்ற சூத்திரம் ஒன்றும் அங்கே செல்லாது, முதலிலிருந்து யோசிக்க வேண்டும். ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது. இலவசச் செயலியில் இவ்வளவு சிரத்தை எடுக்கிற ஆளை என்ன சொல்ல?

குறைகள் இல்லாமலில்லை. நான் பார்த்த உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான், அதுவும் சட்டப் புத்தகம் படிப்பது போல் வறட்சி. தமிழ் கிடையாது. பெரிய அளவு லூப்பியில் விரல் பக்கத்துக் கோட்டில் பட்டுவிடும், போனில் இது தொல்லை. பிரௌசரில் மவுஸ் வைத்து ஆடுவது சுகம். மாட்டிக்கொண்டால் ஒரு சின்னத் துப்பு கொடு என்று பெரும்பாலானவற்றில் கேட்க முடியாது. 'சால்வ்' அழுத்தினால் முழு விடையையும் கொட்டிவிடும். நாற்பதும் தேறும் என்றும் சொல்ல மாட்டேன். 'கியூப்' சலிப்பு, 'சேம் கேம்' எல்லா இடத்திலும் கிடைக்கிற நிறக்கட்டை விளையாட்டு. நேற்றைவிட இன்று எவ்வளவு முன்னேறினேன் என்று வரைபடம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'நெட்'டில் ஆரம்பியுங்கள். கட்டத்துக்குக் கட்டம் கம்பித் துண்டு இருக்கும், தொட்டால் திரும்பும். எல்லாம் நடுவில் உள்ள சர்வரோடு சேர வேண்டும், சேர்ந்த கம்பி நிறம் மாறும். 5க்கு 5 போதும். சரி என்று உறுதியான கட்டத்தைப் பூட்டி வைக்கலாம், அதைப் பழகிக்கொண்டால் பெரிய பலகைக்குப் போகலாம். அடுத்து 'டென்ட்ஸ்': ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கூடாரம், கூடாரங்கள் மூலைவிட்டத்தில்கூட ஒன்றையொன்று தொடக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்க 'அன்டாங்கிள்'. புள்ளிகளை இழுத்துக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் பிரித்துவிட வேண்டும். மருந்து வாங்க வந்த அம்மா பில்லுக்கு நிற்கும் நேரத்தில் அவர் பையன் ஒன்றை முடித்துவிட்டான்.

கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு 'அன்டெட்' பிடித்துப்போய்விட்டது. கண்ணாடியில் மட்டும் தெரியும் பேய், கண்ணாடியில் தெரியாத ரத்தக்காட்டேரி, நேரிலும் கண்ணாடியிலும் தெரியும் நடைப்பிணம், இவற்றை ஓரத்து எண்களை வைத்து எங்கெங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. அவன் விளக்கச் சொன்னால் விளக்குவான், கேட்கலாம் என்று பார்த்தால் அதற்குள் நாலரை ஆகி டாக்டர் வந்துவிடுகிறார்.