உலகச் செய்திக்கு எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழு: எட்டு வருடப் பயன்பாட்டு அனுபவம்

மாதவரத்தில் 64 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. தண்ணீர் லாரி எப்போது வரும், லிப்ட் ஏன் நின்றது, என் இடத்தில் வண்டியை விட்டது யார் என்று கேட்டுக்கொள்வதற்காகத் தொடங்கிய வாட்ஸப் குழு அது. அதை உலகச் செய்தி கேட்கும் பெட்டியாக 2017 மே மாதத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். எட்டு வருடம் தாண்டிவிட்டதால் கொஞ்சம் உரிமையோடு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இதற்குக் காரணம் அப்பா. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை கேட்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. 2017 ஏப்ரல் 30 அன்று அந்தச் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறமும் ஒரு வாரம் அதே நேரத்தில் ரேடியோவைப் போட்டு வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அவர் எண்ணைக் குழுவில் சேர்த்துவிட்டு, "இனிமே உலகம் இதுலதாம்ப்பா" என்று விளையாட்டாகச் சொன்னேன். அது அப்படியே நிலைத்துவிட்டது. அவருக்குக் கண் சரியில்லை. அதனால் ஒன்பதே காலுக்கு நான் குழுவில் வந்ததை வாசிப்பேன், அவர் கேட்பார். நடுநடுவே ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அவர் பார்த்ததைச் சொல்றாரா, யாரோ சொன்னதைச் சொல்றாரா?" முப்பது வருடம் ரேடியோ கேட்டவரின் பழக்கம்.

முதல் வருடம் சுத்த வீண். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்தது என்று அறிவித்துவிட்டது என்றார்கள். தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியா என்று ஒரு கலர் படம் போட்டார்கள். இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாயிலிருந்து காஸ்மிக் கதிர் வருகிறது, போனை அணைத்துத் தூர வையுங்கள் என்று ஒன்று வந்தது. அம்மா எல்லார் போனையும் அணைத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் அலாரம் அடிக்காமல் தங்கை செமஸ்டர் பரீட்சைக்கு ஓடிய ஓட்டம் இன்னும் எங்கள் வீட்டில் பேச்சு.

சிரித்துக்கொண்டிருந்தது 2018 மே வரைக்கும்தான். போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரார் அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தி எங்கள் குழுவிலும் வந்திருந்தது. 'எதற்கும் கவனமாக இருங்கள்' என்ற வரியோடு அனுப்பியவர் நல்ல மனிதர்தான், இன்றும் எனக்கு அடுத்த தளத்தில்தான் இருக்கிறார். அந்த ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு இந்தியாவில் வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். என் அனுபவத்தில் இரட்டை அம்பு மாதிரி உபயோகமான குறி வேறில்லை. அதைப் பார்த்தாலே அப்பாவுக்கு வாசிப்பதை நிறுத்திவிடுவேன்.

இப்படிச் சொல்லிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஆகஸ்ட் 4. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அந்த வெள்ளைக் குடை மாதிரிப் புகை எழும் வீடியோ அன்றிரவே குழுவில் பத்து முறை வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து பி பிளாக்கில் ஒருவர், "நம்ம மணலியிலும் இதே சரக்கு 700 டன் கெடக்குதாம்" என்று போட்டார். மணலி எங்களுக்கு ஏழெட்டு கிலோமீட்டர். நான் பெரிய மேதாவி மாதிரி "தயவுசெய்து வதந்தி பரப்பாதீர்கள்" என்று தட்டினேன். 22 பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஆனால் அது உண்மை. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு, மணலி பக்கத்துக் கன்டெய்னர் கிடங்கில் ஐந்து வருடமாக இருந்திருக்கிறது. அதைத் தெளிவாகச் சொன்னது எந்தச் செய்திச் சேனலும் இல்லை, தரைத்தளத்தில் இருக்கும் டிரெய்லர் ஓட்டும் அண்ணன். அதுவரை குழுவில் அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை. மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்று போட்டார். "சார், நான் அந்த யார்டுல வண்டி போட்டிருக்கேன். பெட்டி பெட்டியா தனியா வச்சிருக்காங்க. அது சும்மா இருந்தா வெடிக்காது சார். பக்கத்துல தீ புடிச்சாத்தான் ஆபத்து. நீங்க வெயில்னு பயப்படாதீங்க, பக்கத்துல என்ன வைக்கிறாங்கன்னு கேளுங்க." அப்பா அதைத் திரும்பப் போடச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டார். "இவர் பார்த்ததைச் சொல்றார்" என்றார். கொஞ்ச நாளிலேயே அந்தச் சரக்கை ஹைதராபாத்துக்கு லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். நான் என் செய்தியை அழிக்கப் போனேன், அதற்கான நேரம் தாண்டியிருந்தது. இன்றும் அங்கேயே கிடக்கிறது.

அதே ஆகஸ்டில் துணை ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹாரிஸ் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் 'சித்தி' என்று சொன்னார். குழுவில் எல்லார் வீட்டுச் சித்தியும் அன்று துணை ஜனாதிபதி ஆனார்கள். கமலாவின் தாத்தா ஊரான, மன்னார்குடி பக்கத்து துளசேந்திரபுரத்துக்காரர் ஒருவர் எங்களில் உண்டு. அவர் மூன்று மாதத்துக்குத் தலைகால் புரியாமல் இருந்தார். மறு மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஆறு நாள் மாட்டிக்கொண்டபோது, எங்கள் கேட்டில் வண்டியைத் திருப்பத் தெரியாமல் மாட்டிய தண்ணீர் லாரியைப் படம் எடுத்துப் போட்டார்கள். அது நல்ல ஜோக். இதற்கெல்லாம் நீட்டி எழுத ஒன்றுமில்லை.

உக்ரைன் வேறு. 2022 பிப்ரவரி 24 அன்று காலை போர் தொடங்கியது, இரண்டு வாரம் போன் ஓயவில்லை. புடின் செய்தது சரி, நேட்டோ செய்தது தப்பு, மூன்றாம் உலகப் போர், பல்கேரியாவில் குறி சொன்ன பாபா வாங்கா அன்றைக்கே சொன்னார் என்று போய்க்கொண்டே இருந்தது. விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் ஒரு வீடியோவை நாலு பேர் போட்டார்கள். அது ஆர்மா 3 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் பார்த்த நிமிடமே கண்டுபிடித்துவிட்டான். (அந்த விளையாட்டைத் தயாரிக்கும் செக் நாட்டு நிறுவனமே பின்னால், நிஜப் போரையும் எங்கள் விளையாட்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.) அவன் சொன்னதற்கு ஒருவர், "தம்பி, பெரியவங்க பேசும்போது குறுக்கே வராதே" என்றார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் சி பிளாக் மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது: "கார்கிவிலிருந்து போலந்து பார்டருக்கு ட்ரெயின் ஓடுதா, யாருக்காவது தெரியுமா?" அவர் பையன் அங்கே மருத்துவம் நாலாம் வருடம் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கார்கிவ் ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கிறது, போலந்து எல்லையோ உக்ரைனின் அந்தக் கோடி. பதிலுக்கு 41 கும்பிடும் கைகள் வந்தன. ரயில் பற்றி ஒன்றும் வரவில்லை. மார்ச் 2 அன்று கார்கிவில் இருக்கும் இந்தியர்கள் நடந்தாவது உடனே வெளியேறுங்கள் என்று தூதரகம் சொன்ன அந்த நாளிலும் குழுவில் புடின்தான் ஓடிக்கொண்டிருந்தார். மேடம் அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை. பையன் வந்து சேர்ந்ததுகூட, வாட்ச்மேன் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் சண்டை அடுப்படிக்கு வந்தது. நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. மளிகைக்கடைக்காரர் "வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்தான்" என்று செய்தி போட்டார். பாமாயிலுக்கு மாறலாம் என்று முடிவெடுத்த வாரத்தில், ஏப்ரல் 28 அன்று, இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்று வாரம் கழித்துத்தான் திறந்தார்கள். அந்த ஒரு மாதம் குழு நடத்திய விவாதத்தைப் போல உருப்படியான பொருளாதார விவாதத்தை நான் எங்கும் கேட்டதில்லை. எண்ணெய் வாங்குகிறவர்கள் பேசினார்கள். பாபா வாங்கா பக்கமே வரவில்லை.

இலங்கை நெருக்கடியின்போது, 2022 ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகை நீச்சல்குளத்தில் குதித்ததைப் போட்டுச் சிரித்தார்கள். அதற்கு முன்னாலேயே மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் அரிசியும் பால்பவுடரும் ஏற்றிய முதல் கப்பல் கிளம்பியிருந்தது. அன்று ஏ பிளாக்கில் மகளோடு இருக்கும் யாழ்ப்பாணத்துப் பாட்டி பேத்தியின் போனிலிருந்து எழுதினார்: "பால்மா போய்ச் சேர்ந்தால் காணும்." உடனே ஒருவர், "எதைக் காணோம் பாட்டி? வாட்ச்மேன்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று பேத்தி விளக்கினாள். பாட்டி அதற்குமேல் எழுதவில்லை.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலநடுக்கம். அந்த மாதம் 22ஆம் தேதி அண்ணா சாலையில் சில கட்டடங்கள் அதிர்ந்ததாக ஊழியர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். எங்கள் குழுவிலும் 12 பேர் மாதவரத்தில் கட்டில் ஆடியதாக எழுதினார்கள். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று தேசிய நிலநடுக்கவியல் மையம் சொல்லிவிட்டது. ஆடிய கட்டில்கள் ஆடியதாகவே இருக்கின்றன.

கடைசியாக, போன செப்டம்பர். 2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. கண் விழித்தபோது குழுவில் 60 செய்திகள். அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஞாயிறு காலை நம் நேரம் ஒன்பதரைக்கு அமலுக்கு வருகிறது. ஒரு லட்சம் டாலர் என்றால் 88 லட்சம் ரூபாய், மாதவரத்தில் இரண்டு படுக்கையறை வீடு வருமா வராதா என்று கணக்குப் போட்டார்கள். வருடாவருடம் கட்டணுமா, ஒரே தடவையா? வெளியே இருப்பவர்கள் திரும்பினால் கட்டணுமா? ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. இரவுக்குள் 143 செய்திகள். உட்கார்ந்து எண்ணினேன். எழுதியவர்கள் 19 பேர். அதில் அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர் ஒருவர்கூட இல்லை.

பிள்ளை இருப்பவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் தளத்திலேயே இருக்கும் ஒரு குடும்பத்தின் மகள் கொலுவுக்காக வந்திருந்தாள். கம்பெனியிலிருந்து உடனே திரும்பு என்று செய்தி வந்திருக்கிறது. மதியமே, வாய்க்கு வந்த விலையில் டிக்கெட் எடுத்து துபாய் வழியாக ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு விடியும்போது விளக்கம் வந்தது: புது விண்ணப்பத்துக்கு மட்டும், ஒரே தடவை, ஏற்கெனவே விசா உள்ளவர்கள் திரும்புவதற்கு இல்லை. அப்போது அவள் எங்கோ ஆகாயத்தில் இருந்தாள். மகாளய அமாவாசையன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரணிலிருந்து இறக்கிய பொம்மைப் பெட்டி கயிறு அவிழ்க்காமல் கூடத்தில் இருந்தது. "குரூப்ல கேட்டிருக்கலாமே சார்" என்றேன் அவள் அப்பாவிடம். "கேட்டா சொல்லியிருப்பாங்க தம்பி, 143 விதமா" என்றார்.

சரி, உங்களுக்கு இது தேவையா? உலகத்தில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் வேண்டாம். மூலக்கடை டீக்கடையில் பேப்பர் இருக்கிறது, பத்து நிமிடத்தில் வேலை முடியும். அந்த நடப்பு நம் வீட்டுப் படியேறி யாரிடம் வந்து நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். நான் குழுவின் ஒலியை எப்போதைக்குமாக அணைத்து வைத்திருக்கிறேன். படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி நிறுத்திவிட்டேன், பழைய போன் அதனாலேயே உயிரோடு இருக்கிறது. சந்தேகமான படத்தைப் படத்தேடலில் போட்டுப் பழைய தேதி வருகிறதா என்று பார்ப்பேன். பதில் எழுதுவதாக இருந்தால் மறுநாள்தான், மணலி கற்றுக்கொடுத்தது அது. நீளமாக எழுதுகிறவர்களை வேகமாகத் தாண்டிவிட்டு, ஒரு வரி எழுதுகிறவர் யார், வழக்கமாகப் பேசுகிறவரில் இன்று வாய் திறக்காதவர் யார் என்று தேடுவேன்.

போன வாரம் ஒன்பதே காலுக்கு வளைகுடாவில் ஏதோ கலவரம் என்று வந்ததை அப்பாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். முப்பது செய்திகளைக் கேட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தவர், திடீரென்று நிறுத்தச் சொன்னார்.

"நாலாவது மாடி பாய் ஏதாவது போட்டாரா? அவர் பையன் அங்கதானே இருக்கான்?"

மேலேயும் கீழேயும் தேடினேன். "இல்லப்பா. காலையிலருந்து ஒண்ணும் போடல."

"அந்தப் போனைக் கீழ வை. மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வா."