தளம் போட்ட அன்று நின்றார், டைல்ஸ் போட்ட அன்று நிற்கவில்லை

எங்கள் வீட்டைக் கட்டித் தந்த பில்டரை நம்பி வேலை கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். குளியலறைத் தரையைப் பெயர்த்து மறுபடியும் போட்ட வேலை இப்போதுதான் முடிந்திருக்கிறது. டைல்ஸ் வெட்டிய தூசி வீட்டை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கோபம் இதில் எங்காவது தலைகாட்டத்தான் செய்யும். ஆனாலும் முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறையவே இருக்கிறது. குடிவந்து வருடங்கள் ஓடிவிட்டன. தூண், பீம், தளம் எதிலும் ஒரு விரிசல் கிடையாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்குகிற லின்டலை ஜன்னல் அகலத்தோடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் சுவருக்குள் நன்றாக ஏற்றி உட்கார வைத்திருக்கிறார். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருகிற கோட்டில், பூசுவதற்கு முன்னால் கம்பிவலை அடித்தார்கள். இரண்டும் வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. வலை இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே பூச்சு பிளந்துகொள்ளும். இப்படிப்பட்ட வேலைகளையெல்லாம் நாங்கள் கேட்காமலேயே செய்தார்.

தளம் போட்ட அன்று காலையிலிருந்து கடைசிச் சட்டி கொட்டும் வரை சைட்டை விட்டு அசையவில்லை. கலவை கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் சுலபமாக ஓடும் என்று ஆட்கள் கேட்டபோது ஒரேயடியாக மறுத்துவிட்டார். கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுவிட்டுப் போகும், பலம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். கம்பி பலகையில் படாமல் அடியில் கவர் பிளாக் என்கிற சின்னச் சிமெண்டுக் கட்டை இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் சொல்வார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் 7 நாட்களிலேயே வந்துவிடும், அந்த நாட்களில் தளம் காய்ந்தால் பிறகு என்ன ஊற்றியும் பயனில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கணக்கிலும் சுத்தம். இடையில் நாங்கள் மாற்றிய ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கை வைத்தார். முடிவில் எதிர்பாராத பில் என்று ஒன்று வரவேயில்லை. வீடு கட்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுவரில் காடி வெட்டி பைப்பும் வயர் குழாயும் பதித்த பிறகு, பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்தார். வெறும் போட்டோ இல்லை. சுவர் மூலையிலிருந்து ஓர் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து, பைப் எத்தனை சென்டிமீட்டரில் போகிறது என்று எண் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ. தரைக்கும் அப்படியே. எல்லாவற்றையும் அறைவாரியாகப் பெயர் போட்டு, கம்பி வரைபடங்களோடு சேர்த்து ஒரு ஃபைலாகக் கொடுத்தார். அப்போது அதன் அருமை தெரியவில்லை. இப்போது ஆணி அடிப்பதாக இருந்தாலும் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறோம். இதுவரை ஒரு பைப்பிலும் துளை விழவில்லை.

இப்படிப்பட்டவர் போட்ட குளியலறைத் தரையில்தான் தண்ணீர் நின்றது.

குளித்து முடித்தால் தண்ணீர் ஜாலிப் பக்கம், அதாவது தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடிய ஓட்டைப் பக்கம், போகாது. எதிர்ப்பக்கம், கதவோரத்து மூலையில் போய்த் தேங்கும். துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும்; தள்ளினாலும் ஒரு மெல்லிய தகடு மாதிரி அங்கேயே நிற்கும். நாளாக நாளாக அந்த மூலையில் டைல்ஸ் இடுக்கை அடைத்திருந்த கிரவுட் கறுத்தது, பாசி பிடித்தது, கதவு நிலையின் அடிப்பகுதி ஊறி உப்பியது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் முதலில் போய்த் தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும். அப்படியும் ஒருநாள் கால் வழுக்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு முழுக்கச் சரியாக இருந்து இது ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. தினமும் எல்லோரும் ஈரக்காலோடு நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

குடிவந்த புதிதிலேயே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வந்தார், பார்த்தார். "வாட்டம் இருக்கு சார். புது டைல்ஸ் வழவழன்னு இருக்கிறதால தண்ணி நிக்கிற மாதிரி தெரியுது. போகப் போகச் சரியாயிடும்" என்றார். வாட்டம் எப்படிப் போகப் போகச் சரியாகும்? தரை தானாகவா சாயும்? கடைசித் தவணையும் அதற்குள் போய்விட்டிருந்தது. அப்புறம் கூப்பிட்டபோதெல்லாம் ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒருமுறை ஆள் வந்து கிரவுட்டைச் சுரண்டி வெள்ளை சிமெண்டு அடைத்துவிட்டுப் போனார். பிறகு போனை எடுப்பதே அரிதாகிவிட்டது. தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக விழக் கூடாது என்று நின்ற அதே மனிதர்தான் இவர்.

இந்த முறை வேறொரு டைல்ஸ் மேஸ்திரியை அழைத்தோம். அவர் ரசமட்டத்தைக்கூட எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு கோலியை எடுத்து ஜாலிக்குப் பக்கத்தில் வைத்தார். அது மெதுவாக உருண்டு கதவோரத்து மூலைக்குப் போய் நின்றது. அவ்வளவுதான். பிறகு தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்துக் காட்டினார். குளியலறைத் தரைக்கு 80க்கு 1 அல்லது 100க்கு 1 என்ற கணக்கில் வாட்டம் வேண்டும். அதாவது ஜாலியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் மூலை, ஜாலி வாயைவிட ஏறக்குறைய 15 முதல் 19 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் மூலையோ வாயைவிடத் தாழ்ந்து கிடந்தது.

ஏன் அப்படி ஆனது என்பதையும் அவரே விளக்கினார். பிளம்பர் வந்து தரைக் கலவை போடுவதற்கு முன்பே ஜாலி வாயை ஒரு மட்டத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் வந்த டைல்ஸ் ஆட்கள் கதவுப் படியின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரண்டு மட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. போதாக்குறைக்கு 600க்கு 600 மில்லிமீட்டர் டைல்ஸ். பெரிய டைல்ஸ் வளையாது. நாலு பக்கத்திலிருந்தும் நடுவில் இருக்கும் ஒரு வாயை நோக்கித் தரை சரிய வேண்டுமென்றால் அதைக் கோணவாட்டில் வெட்டித்தான் பதிக்க வேண்டும். இல்லையென்றால் சின்ன டைல்ஸ் போட வேண்டும், அல்லது ஒரு சுவரோரமாக நீளமான கால்வாய் ஜாலி வைத்துத் தரை முழுவதையும் ஒரே பக்கம் சாய்க்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிற ஆட்களுக்குக் கோணவாட்டில் வெட்டுவது நேர நஷ்டம். மட்டமாகவே பதித்து, நடுவில் ஓட்டை போட்டு ஜாலியைச் சொருகிவிட்டார்கள்.

பிளம்பர் தன் வேலையை முடித்தார், டைல்ஸ் ஆட்களும் தங்கள் வேலையை முடித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று மட்டம் சேர்கிறதா என்று பார்க்க வேண்டியவர் பில்டர். நாம் அவருக்குப் பணம் கொடுப்பதே அதற்குத்தான். செங்கல் அடுக்க ஆள் எங்கும் கிடைப்பார்கள். எங்கள் பில்டரின் மனசு தளம் ஏறும் வரைதான் எங்கள் சைட்டில் இருந்தது. அதன் பிறகு அடுத்த சைட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப் போய்விட்டார். டைல்ஸ், பெயின்ட், பிளம்பிங் எல்லாம் உள்ஒப்பந்தத்தில் யார் யாருக்கோ போனது. விசாரித்துப் பார்த்தவரை இது இவர் ஒருவரின் பழக்கம் மட்டும் இல்லை.

தரையைப் பெயர்ப்பதும் சின்ன வேலை இல்லை. டைல்ஸோடு கீழே இருந்த கலவையும் வந்தது, அதோடு நீர்க்காப்புப் பூச்சும் கிழிந்தது. அதையும் முழுதாகப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று: சுவரில் ஒரு சாண் உயரம் ஏற்றி, மூலைகளில் வலைத்துணி வைத்து, இரண்டு கோட்டிங். பிறகு ஜாலி வாயை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி, நின்ற மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, 48 மணி நேரம் விட்டார்கள். கீழ்த்தள அறையின் கூரையில் ஈரம் தெரியவில்லை, கோடும் இறங்கவில்லை. அதன் பிறகுதான் டைல்ஸ் பதிக்க ஆரம்பித்தார்கள். இந்த முறை சின்ன டைல்ஸ்.

இந்த வேலையில் ஒரு பைப்பும் உடையவில்லை. காரணம், உளி வைப்பதற்கு முன்னால் மேஸ்திரி கேட்டது அந்தப் பழைய போட்டோக்களைத்தான். தரைக்குள் பைப் எங்கே திரும்புகிறது என்பதை டேப்போடு பார்த்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கையால் கொத்தினார். "இவ்வளவு பொறுப்பா போட்டோ எடுத்து வெச்சவரு இந்தத் தரைய எப்படிங்க விட்டாரு?" என்று அவரே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நண்பருக்கும், வீடு கட்டவோ மாற்றியமைக்கவோ ஆள் தேடுகிற மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். பில்டர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் புது வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் கட்டிச் சில வருடங்கள் ஆன வீடு ஒன்றின் முகவரியைக் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக் குளியலறையின் கடைசி மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பாருங்கள். ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள்; உள்ளே வெற்றாக இருப்பது போன்ற பொள்ளல் சத்தம் கேட்டால் அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை. கடைசித் தவணை கொடுத்த பிறகு கூப்பிட்டபோது வந்தாரா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். விலையை எப்படியும் நாலு பேரிடம் வாங்குவீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

பில்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, டைல்ஸ் போடுவது யார், எத்தனை வருடமாக அவரோடு இருக்கிறார், அன்று நீங்கள் சைட்டில் இருப்பீர்களா என்பது. கம்பி, சிமெண்டு பிராண்டு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், எல்லா பில்டரும் மனப்பாடமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் ஆட்களைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். ஒப்பந்தத்தில் வாட்டத்தின் அளவை எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு முன் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதையும், பூச்சுக்கு முன் போட்டோ எடுப்பதையும் சேருங்கள். "குறைகள் சரிசெய்து தரப்படும்" என்ற ஒற்றை வரிக்கு மதிப்பில்லை. சொன்னதிலிருந்து எத்தனை நாளில் என்று இருக்க வேண்டும். மொத்தத் தொகையில் 5 அல்லது 10 சதவீதத்தைக் குறைபாட்டுக் காலம், அதாவது வேலை முடிந்த பின் தெரியும் குறைகளை அவர் சரிசெய்து தர வேண்டிய காலம், முடியும் வரை நிறுத்திவைக்கும் வழக்கம் கட்டுமானத் துறையில் எப்போதும் இருப்பதுதான். தன் வேலைமேல் நம்பிக்கை உள்ளவர் அதற்குச் சம்மதிப்பார். தவணைகளையும் தளம் ஏறுவதற்குள் பெரும்பகுதி போய்விடாதபடி பிரித்துக்கொள்ளுங்கள், பூச்சுக்குப் பிறகு வரும் வேலைகளில்தான் பில்டர் கண்ணில் படாமல் போகிறார்.

இவ்வளவையும் எழுதி வாங்க முடியுமென்றால், எங்கள் பில்டரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் கணக்குச் சுத்தத்துக்கும் அவரைவிட நல்ல ஆளை நான் பார்த்ததில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

நாங்கள் மாடியில் ஓர் அறை கட்டப் போகிறோம். தூணும் சுவரும் தளமும் மட்டும்தான், குளியலறை கிடையாது. எங்கள் பழைய பில்டருக்கு மிக நன்றாக வரும் வேலை அது. புதிதாக வந்த பில்டர் கம்பி வரைபடம் இருக்கிறதா என்று கேட்டபோது, எடுத்துக் கொடுத்ததுகூட இவர் தந்த ஃபைலிலிருந்துதான். தூண்கள் இன்னொரு தளத்தைத் தாங்கும்படி அப்போதே கணக்குப் போட்டிருக்கிறார் என்று அந்தப் புதியவரே பாராட்டினார். இருந்தும் வேலையைப் புதியவரிடமே கொடுத்துவிட்டேன். அவருக்கு முன்பு வேலை கொடுத்தவர்களிடம் விசாரித்தேன்; பணமெல்லாம் தீர்ந்த பிறகும் ஒழுகுகிற குழாய்க்காகத் திரும்பி வந்தாராம். எனக்கு இப்போது அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.