இடப்பக்கக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் பழைய கார் வாங்காதீர்கள்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறியது ஏறியதுதான். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தும், வரிச்சுமையால் புதிய கார் எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எட்டவில்லை. ஆகவே இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கார்களைத்தான் பார்க்கிறோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட கார்களில் எதை மறைத்து விற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் வாங்கியது ஐந்து கியர் கொண்ட ஜப்பானிய பெற்றோல் கார். அதைத் தயாரித்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விற்றவர் நகரத்தில் வாகனத் தரகு செய்பவர். மீற்றரில் இரண்டு இலட்சத்துக்கு மேல் காட்டியது. அதை அவர் மறைக்கவே இல்லை. "டீச்சர், மற்றவர்கள் மீற்றரைத் திருப்பி விற்கிறார்கள், நான் உள்ளதை உள்ளபடி காட்டுகிறேன்" என்றார். மனுவல் கியர் என்பதால் எவ்வளவு ஓடியிருந்தாலும் பயமில்லை, ஓட்டோ கியர் என்றால்தான் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். மீற்றரில் காட்டிய நேர்மையை வைத்துத்தான் மீதி எல்லாவற்றையும் மூடினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டுதான் போனேன். எஞ்சினின் கம்பிரஷன், ரேடியேட்டர், அடிப்பக்கத் துரு எல்லாவற்றையும் அவர் ஒழுங்காகவே பார்த்தார். எஞ்சின் நல்லதுதான், இன்றைக்கும் நல்லதுதான். ஓட்டிப் பார்க்கத் தரகர் எங்களை உள்துறைமுக வீதியில் அழைத்துச் சென்றார். காலை நேரம், சமதரை, கொஞ்சத் தூரம். உவர்மலைப் பக்கம் ஒருமுறை ஏற்றிப் பார்ப்போம் என்று கேட்டேன். உரிமையாளர் காத்துக்கொண்டிருக்கிறார், வேறொருவரும் பார்க்க வருகிறார் என்று காரைத் திருப்பிவிட்டார். கியர் மாற்றும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதிய கிளச் போட்டிருக்கிறோம், ஓட ஓட இலகுவாகும் என்றார்.

அந்த இறுக்கத்துக்குக் காரணம் கிளச் இல்லை. கியர்பொக்ஸில் ஊற்றியிருந்த ஒயில். அந்தக் காருக்கு 75டபிள்யூ-90 தரத்து ஒயில் ஊற்ற வேண்டும். உள்ளே இருந்ததோ லொறிகளின் பின் அச்சுக்கு ஊற்றுவது போன்ற கனத்த ஒயில். தேய்ந்த பற்களின் இரைச்சலையும் பெயாரிங்கின் முனகலையும் கனத்த ஒயில் அமுக்கிவிடும். கார் குளிர்ந்திருக்கும் வரை ஒன்றுமே கேட்காது. அரை மணி நேரம் ஓடி ஒயில் சூடாகி இளகும்போதுதான் உண்மை வெளியே வரும். அதனால்தான் காலையில், சமதரையில், கொஞ்சத் தூரம்.

உப்புவெளியிலிருந்து மூதூர்ப் பாடசாலைக்குப் போய்வருவதற்குத்தான் கார். கிண்ணியா வழியாகப் போகும் அந்த வீதியில் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் கியரிலேயே போய்விடலாம். மூதூரை நெருங்கும்போது மட்டும் ஒரு முனகல் கேட்கும். தரகரிடம் தொலைபேசியில் சொன்னேன். ரயர் சத்தம் என்றார். ரயர் சத்தம் வீதியின் தளம் மாறும்போது மாறும். சக்கரப் பெயாரிங் என்றால் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பும்போது கூடிக் குறையும். கியர்பொக்ஸின் முனகலோ கியர் மாற்றினால் மாறும். அக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்கும். என் காரில் கேட்டது இந்த மூன்றாவது வகை. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு கண்டிக்குப் போனோம். மாத்தளை தாண்டியதும் இரண்டாம் கியருக்கு இறக்கும் ஒவ்வொரு தடவையும் பல்லோடு பல் உரசும் சத்தம். திரும்பி வரும்போது பலகடுவ வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் கியரில் போட்டு, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கியர் கம்பு தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இறக்கத்தில் வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் மட்டும் இல்லை, எஞ்சினும் சேர்ந்துதான். கியர் கழன்றால் அந்தப் பிடி போய்விடும், கார் தன்பாட்டில் வேகமெடுக்கும். முன்னால் பஸ், பின்னால் லொறி, பின் இருக்கையில் என் இரண்டு பிள்ளைகள். ஒரு கையால் கியர் கம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே அந்த இறக்கம் முழுவதையும் இறங்கினேன். காசு போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தே அப்படி ஒரு காரை ஒரு குடும்பத்துக்கு விற்றதைப் பொறுக்க முடியாது.

ஊருக்கு வந்ததும் கியர்பொக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு கராஜில் விட்டோம். அங்கிருந்த பெரியவர் முதலில் ஒயிலை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் இறக்கினார். வெயிலில் வைத்து விரலால் கிளறியதும் கரிய ஒயிலுக்குள் பொன்தூள் தூவியது போல மினுமினுப்பு எழுந்தது. பித்தளை. ஒயில் இறக்கும் அடைப்பானின் நுனியில் ஒரு காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, நீண்ட நாள் ஓடிய எந்த வாகனத்திலும் அது இருக்கும் என்றார். என் காரில் அந்தப் பசைக்குள் இரும்புத் துணுக்கு ஒன்று நின்றது. நகத்தால் தள்ளி எடுத்துக் காட்டினார். கியர்ப் பல் ஒன்றின் முனை.

பித்தளை எங்கிருந்து வருகிறது என்பதையும் அவரே விளக்கினார். நாங்கள் கியர் மாற்றும்போது, வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ ரிங் என்ற வளையம். பல கார்களில் அது பித்தளையால் செய்தது. அதன் உட்புறத்தில் மெல்லிய வரிகள் வெட்டியிருக்கும். அந்த வரிகள் ஒயிலை வெட்டிக்கொண்டு, கியரின் பக்கத்தில் உள்ள கூம்பு வடிவப் பகுதியைப் பற்றிப் பிடிக்கும். வரிகள் மழுங்கினால் பிடி இல்லை. வேகம் ஒன்றாகும் முன்னே பற்கள் மோதும். நகரத்தில் அதிகம் மாற்றப்படுவது இரண்டாம் கியர் என்பதால் பெரும்பாலும் முதலில் போவது இரண்டாவதின் வளையம். என் காரின் இரண்டாம் கியர் வளையத்தைக் கழற்றிக் கையில் தந்தார். உட்புறம் மோதிரம் மாதிரி வழுவழுப்பாக இருந்தது.

இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கு இது அதிகமான தேய்மானம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னர் முன் இருக்கையின் இடப்பக்கம் போய்க் குனிந்து, தரைக் கம்பளத்தின் ஓரத்தைப் பிரித்துத் தூக்கினார். கீழே தகட்டில் துளைகள். பசை அடைத்து மேலே கறுப்பு வர்ணம் பூசியிருந்தது. ஓட்டுநர் பக்கம் கிளச், பிரேக் மிதிகளின் தண்டுகளில் ஏதோ இறுக்கிக் கட்டியிருந்த தழும்பு. முன் கண்ணாடியில் இரண்டாவது பின்பார்வைக் கண்ணாடி ஒட்டியிருந்த வட்டமான பசை அடையாளம்.

ஓட்டுநர் பயிற்சிப் பாடசாலையின் கார். பயிற்றுநர் அமரும் இடப்பக்கத்தில் மேலதிகமாக மிதிகள் பூட்டியிருந்த கார்.

பழகுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பழகத்தானே வருகிறார்கள். ஆனால் அந்தக் கியர்பொக்ஸ் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். கிளச்சை முழுதாக மிதிக்கும் முன்னே கியரைத் தள்ளுவார்கள். கார் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போடுவார்கள். பல பழைய கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ வளையமே கிடையாது, பற்கள் நேரடியாக மோதும். இப்படி நாள் முழுவதும், ஒருவர் இறங்க இன்னொருவர். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையே 250 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பாதையில் வாடகைக்கு ஓடிய கார் பெரும்பாலான நேரம் மேல் கியரிலேயே ஓடியிருக்கும். அப்படி மூன்று இலட்சம் ஓடி, ஒயிலும் காலத்துக்குக் காலம் மாற்றியிருந்தால் அதன் கியர்பொக்ஸை நான் இன்றைக்கும் நம்புவேன். மீற்றரில் உள்ள எண்ணைவிட, அந்தக் கிலோமீற்றர்களை ஓட்டியது யார், எங்கே என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தரகரிடம் போய்த் துளைகளின் படத்தைக் காட்டினேன். முதலில் தனக்குத் தெரியாது என்றார். பிறகு, தான் இடையில் நின்றவர் மட்டுமே, உரிமையாளரிடம் கேளுங்கள் என்றார். கடைசியில், அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "டீச்சருக்குக் கியர் மாற்றத் தெரியாது, அவர்தான் உடைத்துவிட்டார்" என்றார். நான் வாகனம் ஓட்டத் தொடங்கிய காலம் முதல் மனுவல் கியர்தான் ஓட்டுகிறேன். பெண் வாங்க வந்தால் இப்படி ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

பழுதுபார்க்க என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது. இறக்குமதியான பழைய கியர்பொக்ஸ் ஒன்றை அப்படியே மாற்றலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அதன் உள்ளே என்ன நிலை என்பதற்கு எழுத்தில் உத்தரவாதம் தர யாரும் தயாராக இல்லாததால் வளையங்களையும் பெயாரிங்குகளையும் மாற்றி, இருந்ததையே திருத்திக்கொண்டேன். ஒயில் ஊற்றும்போது பெரியவர் டப்பாவில் கியர் ஒயிலின் வகையைக் குறிக்கும் இடத்தில் ஜீஎல்-4 என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊற்றினார். சில ஜீஎல்-5 ஒயில்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கும் என்பதால் அந்தக் கவனம்.

நீங்கள் பார்க்கப் போகும் காரில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரைக் குளிர்ந்த நிலையிலும் ஓட்டுங்கள், அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகும் ஓட்டுங்கள். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நிலாவெளி வீதியில் ஒவ்வொரு கியரிலும் அக்சிலரேட்டரை அழுத்தி, சட்டென்று விட்டுப் பாருங்கள். கியர் கம்பு துள்ளுகிறதா, வெளியே வரப் பார்க்கிறதா என்று தெரியும். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள். நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுதாக அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து கார் வேகமெடுக்காவிட்டால் கிளச் வழுக்குகிறது. நிறுத்தி நியூட்ரலில் வைத்துக் காதுகொடுங்கள். கிளச்சை மிதித்ததும் மறையும் இரைச்சல் கியர்பொக்ஸின் உள்ளே இருக்கும் பெயாரிங்கிலிருந்து வருவது. மிதிக்கும்போது மட்டும் வருவது கிளச்சின் பெயாரிங். அது ஒப்பீட்டளவில் சின்னச் செலவு. ஒயிலையும் விடாதீர்கள். ஊற்றும் துளையைத் திறந்து ஊசிக்குழாயால் கொஞ்சம் உறிஞ்சி வெள்ளைத் தாளில் விட்டால் பித்தளை மினுக்கம் தெரிந்துவிடும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிட்டு வாருங்கள். கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

முற்பணம் கொடுக்கும் பற்றுச்சீட்டில் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அன்றைய மீற்றர் அளவு, அவர் வாயால் சொன்ன உறுதிகள் எல்லாவற்றையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். இந்தக் கார் பயிற்சிப் பாடசாலையில் ஓடவில்லை என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வியாபாரமாகச் செய்பவரிடம் வாங்கி ஏமாந்திருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம்; வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. துளைகளின் படங்கள், கராஜ் பற்றுச்சீட்டு, தேய்ந்த வளையம் எல்லாவற்றையும் சேர்த்து என் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன். பேசினில் இறக்கிய ஒயிலில் கொஞ்சத்தையும் ஒரு போத்தலில் ஊற்றித் திகதி எழுதி வைத்திருக்கிறேன். விசாரணைக்கு அழைக்கும்போது அதையும் கொண்டுபோவேன்.