மண்டப வாசலில் எதை ஊற்றுவது: பழ பஞ்ச்சா, நன்னாரி சர்பத்தா?

சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த மாதங்களில் மாலை வரவேற்பு வைக்கிறவர்கள் வாசலிலேயே சில்லென்று ஏதாவது கொடுத்தாக வேண்டும். சமையல் காண்டிராக்ட்காரர் நீட்டும் பட்டியலில் பழ பஞ்ச் இருக்கும், ரோஸ் மில்க் இருக்கும், கேட்டால் நன்னாரி சர்பத்தும் பானகமும் சேரும். 300 பேர் வரும் வரவேற்பு என்றால் என் ஓட்டு நன்னாரி சர்பத்துக்கு. 40 பேர் கூடும் பிறந்தநாள் என்றால் பஞ்ச்சே போதும், அதுவே அழகும்கூட. அதிகாலை முகூர்த்தத்துக்கு இந்தப் பேச்சே வேண்டாம். ஐந்து மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்குச் சுக்குக் காபி கொடுங்கள்.

விலை, நிறம், குழந்தைகளுக்குப் பிடிக்குமா என்பதையெல்லாம் எல்லோரும் யோசிக்கிறார்கள். பஞ்ச் பார்க்க அழகு, போட்டோவில் எடுப்பாக விழும். சர்பத் மலிவு. இவை கடைசியில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. முடிவை மாற்றுவது ஐஸ். ஏழு மணிக்கு வருகிறவர் குடிப்பதும் எட்டரைக்கு வருகிறவர் குடிப்பதும் ஒரே பானமாக இருக்குமா என்பதை ஐஸ்தான் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. 30 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் பானத்தை 8 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 10 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். நாலு லிட்டருக்கு ஒரு கிலோ என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அந்த 10 கிலோவும் 10 லிட்டர் தண்ணீராகப் பானத்துக்குள்ளேயே இறங்குகிறது. 40 லிட்டர் 50 லிட்டராகிவிட்டது, ஐந்தில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். இது குளிர வைக்க மட்டும். அதன்பிறகு இரண்டு மணி நேரம் குளிர்ச்சியை நிறுத்தி வைக்கப் போடும் ஐஸ் தனி.

பஞ்ச் இதைத் தாங்காது. அதன் அடிப்படை பழச்சாறு. அட்டைப் பெட்டியில் வருகிற பானமாக இருந்தால், அதில் ஏற்கெனவே தண்ணீர் கலந்துதான் வருகிறது. அதன் தலையில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் விழுந்தால் என்ன மிஞ்சும்? பஞ்ச்சில் சேரும் சோடாவின் கதை இதைவிட மோசம். 10 டிகிரித் தண்ணீர் பிடித்து வைக்கிற வாயுவில் பாதியைத்தான் 30 டிகிரித் தண்ணீர் பிடித்து வைக்கும். அகலமான கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, கரண்டியால் மொண்டுகொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் நுரை போய்விடும். எட்டரை மணிக்கு அந்தத் தொட்டியை எட்டிப் பாருங்கள். மேலே வெளிறிய தண்ணீர் ஒரு விரற்கடை, அதில் பழுப்பேறிய ஆப்பிள் துண்டுகள், அடியில் சிவப்புச் சிரப் தனியாகப் படிந்து கிடக்கும். கரண்டி போடுகிற பையன் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றுவான். வாங்கிக் குடித்த பெரியவர் "ஏனுங்க, சப்புனு இருக்குதுங்க" என்று பாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போவார்.

சர்பத்தில் நிலைமை தலைகீழ். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை ஐஸாகவே போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. உருகும் ஐஸ் பானத்தைக் கெடுப்பதில்லை, அளவை நிறைவு செய்கிறது. 10 லிட்டருக்கு இப்படி:

நன்னாரி சிரப் ஒன்றரை லிட்டர், 25 எலுமிச்சையின் சாறு (ஏறக்குறைய 400 மில்லி), கேன் தண்ணீர் 6 லிட்டர், ஐஸ் 2 கிலோ, உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டி. ஐஸ் முழுதும் உருகியதும் 10 லிட்டர் கிட்டத்தட்ட 8 டிகிரியில் நிற்கும். சப்ஜா விரும்பினால் 50 கிராமைத் தனியாகத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். ஆனால் குழாய் வைத்த டிஸ்பென்சரில் சப்ஜா வேண்டாம், குழாயை அடைத்துக்கொள்ளும்.

சிரப்பின் இனிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் முதலில் ஒன்றேகால் லிட்டர் ஊற்றி, ஐஸ் உருகிய பிறகு சுவைத்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது சுவைத்து முடிவு செய்யக் கூடாது, குளிர்ந்தால் இனிப்பு நாக்கில் குறைவாகத்தான் தெரியும்.

வீட்டிலேயே சிரப் காய்ச்சுவதானால் வேரை இடித்து, நடுவில் இருக்கும் கட்டையான நரம்பை எடுத்துப் போட்டுவிட வேண்டும். மணம் தோலில்தான் இருக்கிறது. 100 கிராம் வேருக்கு 2 லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, மறுநாள் வடிகட்டி, 2 கிலோ சர்க்கரை போட்டுக் கரையும்வரை காய்ச்சினால் போதும். வேரைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும், சிரப்பில் மணம் இருக்காது. கடைசியில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தால் சர்க்கரை மறுபடி கட்டி தட்டாது. தானாக வரும் நிறம் இளம் பழுப்பு. கடைப் பாட்டிலின் கருஞ்சிவப்பை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சத்தியமங்கலம் மலைப் பக்கத்திலிருந்து வரும் தடித்த வேர் பெரும்பாலும் மாகாளிக் கிழங்கு. அதற்கும் நன்னாரிக்கும் மணம் தருவது ஒரே பொருள்தான், சிரப்புக்கு அதையும் போடுகிறார்கள். நன்னாரி மெல்லிய வேர்.

தண்ணீரில்தான் நம் பக்கத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்குக் கவலையில்லை. காங்கேயம், தாராபுரம் போர் தண்ணீர் கடினமானது. அதில் கரைந்திருக்கும் காரம் எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடும். 25 பழம் பிழிந்தும் புளிப்பு வரவில்லையே என்று இன்னும் பத்து பிழிவார்கள், அப்போதும் சுவை மங்கலாகவே இருக்கும். 20 லிட்டர் கேன் இரண்டு வாங்கினால் தீர்ந்தது.

எலுமிச்சையை மதியமே பிழிந்து வைக்கிற வேலையும் கூடாது. நேரம் ஆக ஆகச் சாறு கசக்கும். மிஷினில் தோலோடு அரைபட்டால், விதை நசுங்கினால், இன்னும் சீக்கிரம் கசக்கும். மெல்லிய தோல் பழமாகப் பார்த்து இரண்டு நாள் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், வெயில் காலத்தில் விலை ஏறுகிற பொருள் அது. விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கையால் பிழிந்து, உடனே வடிகட்டி விதையை நீக்குங்கள்.

வாடகைப் பாத்திரக் கடையில் பித்தளை அண்டா கொடுத்தால் வாங்காதீர்கள். ஈயம் தேய்ந்த பித்தளையில் எலுமிச்சை பட்டால் களிம்பு வாடை ஏறும், உடம்புக்கும் ஆகாது. அலுமினியமும் வேண்டாம். எவர்சில்வர் போசி 15 லிட்டர் கொள்ளளவில் இரண்டு, அவற்றை உள்ளே இறக்கி வைக்க அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று கேளுங்கள். போசிக்கு வெளியே டப்பில் உடைத்த ஐஸ் பாரும் இரண்டு கை கல்லுப்பும் போட்டால் உள்ளே இருப்பது மேலும் தண்ணீர் சேராமலே குளிர்ச்சியோடு நிற்கும். அந்த உப்புத் தண்ணீர் போசிக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போசியின் விளிம்பு டப்பைவிட நாலு விரல் உயர்ந்திருக்க வேண்டும். வெளியே போடும் ஐஸ் பார் எந்தத் தண்ணீரில் செய்ததாகவும் இருக்கலாம், உள்ளே போடுவது கட்டாயம் குடிதண்ணீர் ஐஸ். மீனுக்கும் பாலுக்கும் போகிற பாரை உடைத்து டம்ளரில் போடுவது வயிற்றுப்போக்குக்கு வழி. குடிதண்ணீர் ஐஸ் கிடைக்காவிட்டால் முதல் நாளே டிபன் டப்பாக்களில் கேன் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் மெதுவாக உருகும், அதனால் முதல் பேட்ச்சை முக்கால் மணி நேரம் முன்பே கலந்துவிட வேண்டும்.

மொத்த அளவுக்கு வருவோம். 150 மில்லி பேப்பர் கப்பில் 125 மில்லி ஊற்றினால் 10 லிட்டருக்கு 80 கப். 300 பேரில் சிலர் தொடமாட்டார்கள், குழந்தைகள் இரண்டு தடவை வருவார்கள். 320 கப், அதாவது நாலு பேட்ச் போதும். ஐந்தாவதுக்குப் பொருள் மட்டும் கையில் இருக்கட்டும். 750 மில்லி சிரப் பாட்டில் 10, எலுமிச்சை 140, குடிதண்ணீர் ஐஸ் 10 கிலோ, வெளி ஐஸ் 15 கிலோ. ஒரு போசியில் கால்வாசி மிஞ்சும்போது அடுத்ததைக் கலக்கத் தொடங்குங்கள். பழையதன் மேல் புதியதை ஊற்றாதீர்கள், அளவு கைவிட்டுப் போகும். 600 பேருக்கு மேல் போனால் இதை அப்படியே இரட்டிப்பாக்கிவிட முடியும் என்று உறுதி சொல்லமாட்டேன். அங்கே ஐஸைவிட ஆள் கணக்குதான் பெரிய சிக்கல்.

இப்போது பஞ்ச்சின் பக்கம். பஞ்ச் என்ற சொல்லே நம் நாட்டு 'ஐந்து' என்பதிலிருந்து போனது என்பார்கள். புளிப்பு, இனிப்பு, காரமான வாசனை, தண்ணீர், மது என்று ஐந்து. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. மதுவை எடுத்துவிட்டுப் பார்த்தால் நம் பானகத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

40 பேருக்கு 6 லிட்டர் வரும்படிச் செய்தால் மேலே சொன்ன குறைகளைச் சமாளிக்கலாம். சாறு நாலு லிட்டர், சோடா இரண்டு லிட்டர், எலுமிச்சை எட்டு, இஞ்சிச் சாறு 40 மில்லி. எல்லாவற்றையும் முதல் நாளே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் ஐஸ் தேவை வெகுவாகக் குறையும். சாற்றில் ஒரு லிட்டரைக் கிண்ணங்களில் உறைய வைத்து, தண்ணீர் ஐஸுக்குப் பதிலாக அதைப் போடுங்கள், உருகினாலும் சாறுதான். சோடாவைத் தொட்டியில் ஒரேயடியாகக் கவிழ்க்காமல், இரண்டிரண்டு லிட்டராகக் கலக்கும்போது கடைசியில் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். மாதுளை முத்து, விதையில்லாத திராட்சை நிற்கும். ஆப்பிள் கறுக்கும், வாழை குழையும், தர்பூசணி கரைந்து கலங்கும். சாத்துக்குடியைப் பிழிந்து வைத்தால் எலுமிச்சையைப் போலவே கசந்துவிடும்.

பானகத்தை ஒதுக்கவும் மனம் வரவில்லை. பழனிக்கு நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் கொடுப்பது அதுதானே. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒன்றேகால் கிலோ, எலுமிச்சை 12, சுக்கு 15 கிராம், ஏலக்காய் 8 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, எல்லாம் 10 லிட்டருக்கு. சர்க்கரையைச் சூடான தண்ணீரில் கரைத்து, மண் தங்கும்வரை வைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். இதிலும் ஐஸைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கலாம். பகல் விசேஷத்துக்கு, காதுகுத்துக்கு, கோயில் விருந்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். வரவேற்பு மேடைக்கு வரும் இளசுகள் இதைக் கோயில் பிரசாதமாகப் பார்க்கிறார்கள் என்பதொன்றே குறை. ரோஸ் மில்க்குக்கு ஒரு வரி போதும்: பால், அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் வெளியே நிற்கக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் பரிமாற இரண்டு ஆள் வேண்டும். ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள் பாதிக் கூட்டம் வந்துவிடும், நிமிடத்துக்கு மூன்று நாலு கப் போகும். ஒருவர் கலக்கிக்கொண்டே ஊற்றட்டும், இன்னொருவர் தட்டோடு நகரட்டும். பத்துப் பதினைந்து கப்புக்கு மேல் முன்கூட்டி நிரப்பி வைத்தால் வெதுவெதுப்பாகிவிடும். பன்னீர்ச் செம்பும் சந்தனமும் வைத்த மேஜைக்குப் பக்கத்தில் இடம் போட்டால் பட்டுப் புடவையில் சிந்தும், நாலடி தள்ளிப் போடுங்கள். மேஜையின் கீழே டைல்ஸ் மேல் கோணிச் சாக்கு விரியுங்கள்.

சிரப் பாட்டிலை ஒவ்வொன்றாகத்தான் திறக்கச் சொல்லுங்கள். வாங்கும்போதே, திறக்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லை வாங்கி வையுங்கள்.